சலவைக்கடை வாசலில் கேட்ட சொல்

என் தம்பி கியூமர்ஸிடம் துணி போட வருகிறவர்கள் துணியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கோட்டை மேசையில் வைத்து, "இந்தக் கறை போகுமா?" என்று ஒரு கேள்வி. உடனே, "அப்புறம், என்ன படம் பாத்தீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஈரானின் வடக்கில், எங்கள் ரஷ்த் நகரத்தில், வானம் வருஷத்தில் பாதி ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் சலவைக்கடைக்கு வேலை குறைவதில்லை. அப்பா விட்டுப்போன கடை. முன்னால் கியூமர்ஸ் நீராவி இஸ்திரியோடு நிற்பான். பின்னால், பாய்லருக்கு இந்தப் பக்கம், என் தையல் மெஷின். ஓரம் மடிப்பது, லைனிங் மாற்றுவது, ஜிப் வைப்பது எல்லாம் என் வேலை. என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கியூமர்ஸை நிறுத்த நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தான். அதற்கு மேல் படிக்கச் சொன்னபோது, "போதும்க்கா, படிச்சவங்க நல்லாப் பேசறாங்க, நல்லா இஸ்திரி போடறதில்லை" என்று சொல்லிவிட்டு அப்பாவின் மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கடைக்கு மேல் மாடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா.

அவன் படத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டும். போன வருஷம் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட ஒரு காதல் படத்தை அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "படம் பூரா மழை பெய்யுது, ஒருத்தனோட செருப்பும் நனையலை. தெஹ்ரான்காரன் எடுத்த மழை." கேட்டவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சிறு வயதில் பார்த்த ஒரு படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு வந்த அன்று, ஒரு மேல்சட்டையின் காலரை அழுத்தியபடியே சொன்னான்: "அப்ப வீட்டை விட்டு ஓடற பையன் பக்கம் இருந்தேன். இப்ப பாத்தா, அவங்கப்பா ராத்திரி வந்து கால் உறையைக் கழட்டக்கூட முடியாம உக்காந்திருக்காரு. அதை அப்ப நான் எப்படிப் பாக்காம விட்டேன்?" கல்யாணப் படங்கள் அவனுக்கு ஆகாது. "மணப்பெண் அழறா, மூக்கு சிவக்கலை. அழுகையா அது?" என்பான்.

படித்தவர்களும் அவனைக் கேட்டுவிட்டுத்தான் தியேட்டருக்குப் போனார்கள். எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. அவன் ஒரு விதி வைத்திருந்தான். முழுசாகப் பார்க்காத படத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டான். நடுவில் மின்சாரம் போனாலும், "பாதிதான் பாத்தேன், அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை" என்பான். இந்த விதியை அவனைவிட அதிகமாக ஊருக்குச் சொன்னது நான்தான். "என் தம்பி கண்ணை மூடாமப் பாத்ததைத்தான் சொல்வான்" என்று வாடிக்கையாளர்களிடம் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே சொல்வேன்.

அவனுக்கு இராஜ் என்று ஒரு சிநேகிதன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டு. ரஷ்த்துக்கும் தெஹ்ரானுக்கும் ஓடுகிற பஸ்ஸில் டிரைவர். அதிகம் பேசாதவன். சீருடைச் சட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவான். எங்கள் தெருக்கோடியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பரிவஷை அவன் பார்த்தது எங்கள் மேசைக்கு முன்னால்தான். பனிக்காலம் தொடங்கும்போது அவனுடைய அக்கா முறைப்படி பூவும் இனிப்பும் எடுத்துக்கொண்டு பரிவஷின் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பரிவஷின் அம்மா கொவ்கப் கானுமுக்கு முழுச் சம்மதம். (பெண்களை மரியாதையாகக் கூப்பிட 'கானும்' என்போம்.) பரிவஷ்தான், "புதுவருஷம் வரட்டும், சொல்றேன்" என்று தவணை வாங்கியிருந்தாள்.

அவள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருத்தனோடு நிச்சயம் ஆகி, துணியெல்லாம் எடுத்த பிறகு, அவனுக்குத் தெஹ்ரானுக்குப் பக்கத்து ஊரான கரஜில் ஏற்கெனவே மனைவியும் குழந்தையும் இருப்பது தெரிந்து நின்றுபோனது. அந்தக் கல்யாண உடைக்கு அளவெடுத்தவள் நான். அதனால் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவாள்.

"அக்தஸ் அக்கா, வாரத்துல பாதி நாள் தெஹ்ரான்ல இருக்கற மனுஷன். அங்க எங்க தங்கறாரு, என்ன பண்றாரு, யாரு பாத்தா?"

"டிரைவருங்க தங்கற ரூம்ல தங்கறான். வேற எங்க தங்குவான்?"

"அந்த முதல் ஆளும் அப்படித்தான் சொன்னான் அக்கா. ஆபீஸ் வேலையா போறேன்னு."

நான் ஊசியில் நூலைக் கோக்க ஆரம்பித்தேன்.

வசந்தத்தில் பிறக்கும் எங்கள் புதுவருஷத்துக்கு முந்திய கடைசிச் செவ்வாய் வந்தது. அன்று சாயங்காலம் தெருவெல்லாம் தீ மூட்டித் தாண்டுவார்கள். எங்கள் ஊர் மழையில் பாதித் தீ புகையாகத்தான் போகும், ஆனாலும் வெடிச் சத்தத்துக்குக் குறைவிருக்காது. அன்றைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு, காலடியில் ஒரு சாவியை வைத்து மிதித்தபடி, ஏதாவது ஒரு கதவோரமோ மூலையோ பார்த்து மறைந்து நிற்பார்கள். உள்ளே இருப்பவர்களோ போகிறவர்களோ பேசும்போது காதில் விழும் முதல் சொல்தான் நினைத்த காரியத்துக்குப் பதில். சொல் கேட்டு நிற்பது என்போம். இளம் பெண்கள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். சிரிக்காமல் நிற்கிறவர்களும் உண்டு.

கடையில் துணி மலையாகக் குவிந்திருந்தது. பண்டிகைக்கு முன் ஊரே திரைச்சீலையையும் போர்வையையும் கழற்றிக் கொண்டுவந்து போட்டுவிடும். இராஜ் அன்று வண்டி ஓட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று கேட்டான்:

"டேய், விழாவுல ஒரு படம் பாத்தியே. மாடிக்குக் குடி வர்ற ஆளு கதை. பண்டிகைக்குத் தியேட்டருக்கு வருதாம். எப்படிடா?"

குளிர்காலத்துப் படவிழாவின் படங்களை எங்கள் ஊரிலும் சில நாள் காட்டுவார்கள். கியூமர்ஸ் ஒன்றையும் விடமாட்டான். ஊருக்கு முன்னால் பார்த்துவிட்டோம் என்பதில் அவனுக்கு ஒரு மிதப்பு.

"ஏன் கேக்கறே?"

"பரிவஷையும் அவங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போலாமான்னு..." இராஜ் தேநீர்க் குவளைக்குள் பார்த்தபடி சொன்னான்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வெடி வெடித்தது. கண்ணாடி அதிர்ந்தது. அது ஓய்ந்ததும், இஸ்திரி நீராவிக்கு மேலாகக் கேட்கவேண்டுமே என்று கியூமர்ஸ் சத்தமாகச் சொன்னான்:

"அந்த ஆளை நம்பி உக்காராதே. ஆரம்பத்துல தேனா ஒழுகுவான். பாதியில பாத்தா, வேற ஊர்ல வேற வீடு. வேண்டாம், விட்டுடு!"

"அப்படியா?" என்றான் இராஜ், ஏமாற்றமாக.

"அப்படித்தான். கோமாளிப் படம் ஒண்ணு வருது, அதுக்குக் கூட்டிட்டுப் போ. கொவ்கப் கானும் பல்செட்டு கழண்டு விழற மாதிரிச் சிரிப்பாங்க."

நானும் சிரித்தேன். அவன் 'விட்டுடு' என்றபோதே யாரோ கதவோரத்திலிருந்து அவசரமாகப் போனது போல ஒரு நிழல் கண்ணாடியில் அசைந்திருந்தது. தெரு முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்த நேரம். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை பரிவஷ் அம்மாவின் கோட்டை வாங்க வந்தாள். நேராகப் பின்பக்கம் என்னிடம் வந்து, குந்தினாற்போல் துணிக்கூடையின் மேல் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"இராஜுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன் அக்கா."

எனக்குக் கை நின்றுபோனது. "ஏம்மா?"

"சொல் கேட்டேன். உங்க கடை வாசல்லதான் நின்னேன். கேட்டா நல்ல வீட்டுச் சொல்லா கேக்கணும்னு அம்மா சொல்வாங்க." அவள் கூடைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிப் பிரித்தாள். "'அந்த ஆளை நம்பி உக்காராதே'ன்னு கேட்டுச்சு. தேனா ஒழுகுவான், வேற ஊர்ல வேற வீடுன்னு. கியூமர்ஸ் குரல். இராஜோட சிநேகிதன் வாயிலேர்ந்தே வந்துச்சு அக்கா."

"பைத்தியமே, அது படம்!" என்றேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. "ஒரு படத்தைப் பத்திச் சொன்னான்."

அவள் சிரிக்கவில்லை. "எதைப் பத்தினா என்ன? சொல் கேக்கறவங்க காதுல விழற சொல்லெல்லாம் வேற எதையோ பத்தினதுதானே. வெண்டைக்காயைப் பத்திப் பேசறது காதுல விழுந்தாலும் அது நமக்குத்தான் சொல்லு. அதானே வழக்கம்."

வழக்கம் அப்படித்தான்.

"அதுவும்," என்றாள் அவள், "படத்தைப் பத்தி கியூமர்ஸ் சொன்னா அது தப்பாப் போனதே கிடையாது. கண்ணை மூடாமப் பாத்ததைத்தான் சொல்வாருன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஆமா," என்றேன். அந்த நேரத்திலும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது நினைத்தால் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று சாப்பிடும்போது கியூமர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக்கொட்டையும் முட்டையும் போட்டுச் செய்த குழம்பை அவன் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தான். கரண்டி அப்படியே நின்றது.

"அதுக்காகவா வேண்டாம்னுட்டாங்க?"

"அதுக்காகத்தான். படம்னு சொல்லிட்டேன். படமா இருந்தாலும் சொல் சொல்தாங்கறா. அதுவும் நீ சொன்ன சொல்லாம்."

அவன் கரண்டியை வைத்துவிட்டான்.

"அக்கா, அந்தப் படத்தை நான் முழுசாப் பாக்கலை."

"என்னது?"

"பனி கொட்டிச்சே, அன்னிக்கு. காலையிலேர்ந்து ஈரக் கம்பளியா வந்து குவிஞ்சுது. நின்ன கால் நின்னபடி இருந்துட்டு தியேட்டருக்குப் போனேன். உள்ள கதகதன்னு இருந்துச்சு. அந்த ஆளு வாரா வாரம் வேற ஊர்ல ஒரு வீட்டுக்குப் போறான்னு அந்த வீட்டுக்காரம்மா கண்டுபிடிக்கற வரைக்கும் பாத்தேன். முழிச்சப்போ லைட்டைப் போட்டுட்டாங்க."

"தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன்."

"தூங்கிட்டு, ஊருக்கு ஏன்டா கருத்து சொன்னே?"

"எல்லாரும் கேட்டாங்க அக்கா. விழாவுல பாத்தவன் நான் ஒருத்தன்தான். தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது? மிச்சம் எப்படிப் போகும்னு தெரியாதா என்னன்னு நினைச்சேன். இந்த மாதிரி ஆளுங்க கதை எப்படி முடியும்?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பரிவஷிடம் 'ஆமா' என்று சொன்ன என் குரல் காதிலேயே நின்றது. பாத்திரத்தைத் துலக்கும்போது பின்னாலிருந்து அவன், "நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்" என்றான்.

மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. கடையில் கூட்டம் என்றான். கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் மருந்துக்கடை தெருக்கோடியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் டெலிவரி என்றால் சுற்றிக்கொண்டு மீன் சந்தை வழியாகப் போனான்.

அதைவிடக் கொடுமை இராஜ் வந்தது. முகத்தைச் சவரம் செய்யாமல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கியூமர்ஸ் அவனுடைய சீருடைச் சட்டையை எடுத்து அழுத்தினான். மடித்தான். பிறகு பிரித்து மறுபடியும் அழுத்தினான்.

"நான் என்ன தப்பு பண்ணேன்டா?" என்று இராஜ் கேட்டான். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. போனை எடுக்கலை. உனக்கு ஏதாவது தெரியுமா?"

கியூமர்ஸ் இஸ்திரியைத் தூக்கி நீராவியை விட்டான். அந்தப் புகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "நீ ஒரு தப்பும் பண்ணலை" என்றான்.

"அப்ப யாரு பண்ணது?"

கியூமர்ஸ் சட்டையை உறையில் போட்டு நீட்டினான். இராஜ் அதை வாங்கிக்கொண்டு, "நீயாவது ரெண்டு வார்த்தை பேசலாம்டா. உன்னை அவங்களுக்கு மதிப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு கியூமர்ஸ் ஒரு நல்ல கம்பளிப் போர்வையின் ஓரத்தைப் பொசுக்கிவிட்டான். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் அப்படி நடந்ததில்லை. பொசுங்கிய இடத்தைத் திட்டிக்கொண்டே நான் பிரித்துத் தைத்தேன். அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதுவருஷம் பிறந்தது. புகையூட்டிய மீனும் கீரைச் சோறும் செய்திருந்தேன். அவன் கொறித்துவிட்டு, புதுச் சட்டையைக்கூட மாற்றாமல் வெளியே போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"எங்கடா போனே?"

"தியேட்டருக்கு."

"முழுசாப் பாத்தியா?"

"நின்னுக்கிட்டே பாத்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால. உக்காந்தா தூங்கிடுவேனோன்னு பயம்."

"எப்படி இருந்துச்சு?"

முதல் தடவையாக அவன் எனக்குப் பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், "நாளைக்கு கொவ்கப் கானும் வீட்டுக்குப் போவோம் அக்கா. பண்டிகைக்குப் பாக்கப் போகாம இருந்தா நல்லாருக்காது" என்றான்.

மறுநாள் போனோம். மேசையில் பண்டிகைத் தட்டு, அரிசி மாவு பிஸ்கட், வறுத்த கொட்டைகள், தேநீர். கொவ்கப் கானும் என்னைக் கட்டி முத்தம் கொடுத்தாள். அவளுடைய தம்பி நுஸ்ரத் மாமாவும் வந்திருந்தார். கியூமர்ஸுக்குத் திக்கென்றிருக்கும். நுஸ்ரத் மாமா காதில் விழுந்த விஷயம் சாயங்காலத்துக்குள் மீன் சந்தைக்குப் போய்விடும். பரிவஷ் தேநீர்த் தட்டை எங்கள் முன் வைத்துவிட்டு, கியூமர்ஸைப் பார்க்காமல் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாய்யா டாக்டரே!" என்றார் நுஸ்ரத் மாமா. "இந்தப் பண்டிகைக்கு எந்தப் படம், எழுதிக் கொடு. சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"இந்தத் தடவை நான் ஒண்ணும் சொல்லலை மாமா."

"அடேயப்பா! உடம்பு சரியில்லையா? அந்த மாடிவீட்டு ஆளு படம் எப்படி? விழாவுல பாத்தியாமே. குப்பைன்னு சொன்னியாம்?"

கியூமர்ஸ் கையிலிருந்த குவளையை வைத்தான். அது தட்டில் இடித்துச் சத்தம் போட்டது.

"சொன்னேன். பாக்காமச் சொன்னேன்."

"என்ன?"

"பாதிப் படத்துல தூங்கிட்டேன். முழிச்சப்போ படம் முடிஞ்சிருந்துச்சு. அதை மறைச்சு, முழுசாப் பாத்தவன் மாதிரி பேசினேன்." பரிவஷ் பக்கம் திரும்பினான், ஆனால் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, தேநீர்த் தட்டைத்தான் பார்த்தான். "கானும், செவ்வாய்க்கிழமை நீங்க கேட்டது அதுதான். அந்த ஆளு யாருன்னு தெரியாத ஒருத்தன் சொன்னது. அதை உங்ககிட்ட கேட்டது யாருன்னா... அதாவது, என்கிட்ட கேட்டது இராஜ். உள்ள உக்காந்திருந்தான். உங்களையும் அம்மாவையும் அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போலாமான்னு கேட்டான். அதுக்கு நான் சொன்ன பதில் அது."

கொவ்கப் கானும் மகளின் முழங்கையை இடித்து, "பாத்தியா, பாத்தியா? பொய் சொன்ன வாயிலேர்ந்து வந்த சொல் செல்லாதுடி. என் மாமியார்கூடச் சொல்வாங்க" என்றாள்.

"பாதிதானே தூங்கினான்?" என்றார் நுஸ்ரத் மாமா. "அப்ப பாதி செல்லும்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாகக் கியூமர்ஸுக்குப் பெயரும் வைத்துவிட்டார்: "இனிமே நீ பாதிப்பட கியூமர்ஸ்!"

நான் அவரை முறைத்தேன். பரிவஷ் சிரிக்கவில்லை.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள். "நான் நின்னது, வேண்டாம்னு சொன்னது?"

"வியாழக்கிழமையே."

"வியாழக்கிழமையே தெரியும்." அவள் குரல் மெல்லியதாகத்தான் இருந்தது. "இத்தனை நாளா நான் சாப்பிட்ட சாப்பாடு தொண்டைக்குள்ள இறங்கலை. அவரு போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போச்சு. நான் மருந்துக்கடையில ஜுரத்துக்குப் பதிலா வயித்துவலி மாத்திரையை எடுத்துக் கொடுத்துட்டு, பின்னாலயே ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். நீங்க மீன் சந்தை வழியா சுத்திப் போனீங்க. பாத்தேன்."

கியூமர்ஸ் தலையைத் தூக்கவில்லை. என் தம்பியை யாராவது இப்படிப் பேசினால் நான் சும்மா இருக்கிறவள் இல்லை. அன்று சும்மா இருந்தேன்.

அவளே மறுபடியும் கேட்டாள். "இப்ப முழுசாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"அப்ப சொல்லுங்க. நல்ல படமா? அந்த ஆளு யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நான் சொல்லி நீங்க கேட்டது போதும் கானும். நீங்களே போய்ப் பாருங்க."

"யாரோட போறது?" என்றாள் அவள், கோபமாக. கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. காது வரை சிவந்துபோனாள். கொவ்கப் கானும் உடனே பிஸ்கட் தட்டை எல்லோருக்கும் நீட்ட ஆரம்பித்தாள்.

பண்டிகை விடுமுறை முடிந்து கடை திறந்த அன்று அவள் வந்தாள். கியூமர்ஸ் மேசைக்குப் பின்னால் விறைத்துக்கொண்டு நின்றான்.

"படம் பாத்தோம்," என்றாள். "நான், அம்மா, அவரு."

"எப்படி..." என்று ஆரம்பித்துவிட்டு அவன் நிறுத்திக்கொண்டான்.

"எனக்குப் பிடிக்கலை. முதல் பாதி நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்த வேற ஊர் வீட்டுல இருக்கறது அந்த ஆளு தம்பியாம், பைத்தியக்காரத் தம்பி, அவனைக் குளிப்பாட்டறதும் சோறு ஊட்டறதும், அடடா, இந்த மனுஷன் நல்லவன் நல்லவன்னு இழுத்துக்கிட்டே போறாங்க. அதை அந்த வீட்டுக்காரம்மாகிட்ட முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? சொல்லாம வச்சது தப்புதானே?"

"இராஜ்?"

"அழுதாரு. அம்மாவோட கைக்குட்டையை வாங்கித் துடைச்சுக்கிட்டாரு. வெளியே வந்ததும் சண்டை. அந்த ஆளுக்கு வெக்கம்ங்க, அதான் சொல்லலைங்கறாரு. வெக்கப்பட்டா நான் எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு நான் கேட்டேன். தெருவுலயே நின்னு பேசினோம். அம்மா குளிருதுன்னு டாக்ஸி பிடிச்சுப் போயிட்டாங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அவருக்கு இவ்வளவு பேச வரும்னு எனக்குத் தெரியாது அக்கா."

இது என்னிடம் சொன்னது. நான் மெஷினை நிறுத்தியிருந்தேன்.

"அப்ப சரின்னு சொல்லிட்டியா?" என்றேன்.

"சொல்லலை. தெஹ்ரான்ல நீங்க தங்கற இடத்தை நான் பாக்கணும்னேன். சொல் கேட்டதெல்லாம் போதும், கண்ணால பாக்கணும்னேன். நாளைக்கு அவரு வண்டியிலயே போறேன். முன் சீட்டு வச்சிருக்காரு. மாமாவும் கூட வர்றாரு." பிறகு கியூமர்ஸைப் பார்த்தாள். "நீங்க அவரோட சிநேகிதர். அங்க எப்படி இருக்கும்?"

அவன் வாயைத் திறந்தான். நான் அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஒண்ணுமில்லை, டிரைவருங்க ரூம்தான்' என்று அவன் சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"எனக்குத் தெரியாது கானும்," என்றான். "கட்டில், கெட்டில் இருக்கும்னு அவன் சொல்லியிருக்கான். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பாத்ததில்லை."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அவர்கள் போயிருந்த நாள் முழுக்க அவன் மேசையை விட்டு நகரவில்லை. துணி போட வந்தவர்களில் பாதிப்பேர், நுஸ்ரத் மாமாவின் புண்ணியத்தில், "என்ன பாதிப்பட கியூமர்ஸ், எப்படி இருக்கே?" என்று கேட்டார்கள். அவன், "இருக்கேன்" என்றான். என்னிடம் மட்டும், "அக்கா, அங்க ஏதாவது இருந்துட்டா?" என்று கேட்டான். "இருந்தா அவ பொழைச்சா. இல்லைன்னா இராஜ் பொழைச்சான். உனக்கு ரெண்டுலயும் பங்கில்லை, வேலையைப் பாரு" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, அவனுக்குப் பங்கிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் கொஞ்சம்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் பஸ் நிலையத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததில் கோட்டு கசங்கியிருந்தது.

"இரும்புக் கட்டில் வரிசையா கிடக்கு," என்றாள். "ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு அட்டை ஒட்டியிருக்காங்க. மூலையில ஒரு கிழட்டு டிரைவர் குறட்டை. மாமா மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடி வந்துட்டாரு. அந்த ரூம்ல ரெண்டாவது குடும்பம் இல்லை, பூனைகூடக் குடித்தனம் பண்ணாது." கோட்டைக் கழற்றினாள். "வர்ற வழியிலயே சரின்னு சொல்லிட்டேன். மலை வளைவுல சொல்லிட்டேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடிச்சு. பின்னால இருந்தவங்க எல்லாம் திட்டினாங்க."

நான் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவள் என் தோளுக்கு மேலாகக் கியூமர்ஸைப் பார்த்து, "உங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை" என்றாள்.

"கூப்பிடாட்டியும் தப்பில்லை கானும்," என்றான் அவன்.

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போட்டுவிட்டுப் போன கோட்டை எடுத்து மேசையில் விரித்து, பை ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, கைப்பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்த ஆரம்பித்தான்.